பார்வதி அத்தையின் அரை மாத்திரை

1

இன்சுலின் ஊசியை நான் நிறுத்தி இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. டென்மார்க்கில் எதற்கும் கேக் வெட்டுவார்கள். காற்றாலை இறக்கைகளைப் பழுது பார்க்கும் எங்கள் பட்டறையிலும் வெட்டினார்கள். கேக் வாங்கி வந்த ஹென்ரிக், கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டே என்னிடம் கேட்டான்: "இதை நீ சாப்பிடலாமா? சாப்பிட முடியாதவனுக்காகக் கேக் வெட்டினால் நன்றாக இருக்காதே."

ஒரு துண்டு சாப்பிட்டேன். சின்னத் துண்டுதான்.

நெய்வேலி நண்பர்கள் சிலர் போனில் கேட்கிறார்கள், சுகருக்கு அங்கே மருந்து கண்டுபிடித்துவிட்டார்களாமே என்று. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எனக்கு எதுவும் குணமாகவில்லை. இத்தனை வருடம் உடம்பில் இருந்த நோய்க்குச் சரியான பெயர் தெரிந்தது, அவ்வளவுதான். பெயர் தெரிந்ததும் மருந்து மாறியது. இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் ஊசியை நிறுத்திவிட வேண்டாம். என் வகை மிகச் சிலருக்குத்தான் இருக்கும். அந்தச் சிலரில் எங்கள் அப்பா குடும்பமே அடக்கம் என்பது தெரிந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

2

அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வேலைக்கு வந்தவர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு. ஆள் ஒல்லி. முப்பது வயதுக்கு முன்பே சுகர் வந்தது. ஊசி போட்டுக்கொண்டுதான் ஷிஃப்டுக்குப் போவார். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு செகண்ட் ஷிஃப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. ஐம்பதைத் தொட்டிருந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊரிலிருந்து பஸ் பிடித்து எல்லோரும் வந்திருந்தார்கள். குவார்ட்டர்ஸ் வாசலில் பந்தல். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அப்பாவின் தங்கை பார்வதி அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"எங்கண்ணனக் கொன்னது ஹார்ட் அட்டாக் இல்ல. இந்த வீட்டு அடுப்பு."

அத்தைக்கும் சின்ன வயதிலேயே சுகர் உண்டு. ஆனால் அவருக்கு ஊசி கிடையாது. ஊரில் ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் பாதியை உடைத்துப் போட்டுக்கொள்வார். முழு மாத்திரை போட்டால் மயக்கம் வந்துவிடும். அந்த அரை மாத்திரையிலேயே சர்க்கரை கட்டுக்குள் நிற்கும். அதற்குக் காரணம் தன் வைராக்கியம் என்று அத்தை உறுதியாக நம்பினார். "நான் வாயக் கட்டினேன், அரை மாத்திரையில நிக்கு. எங்கண்ணன் வாயக் கட்ட இவ விட்டாளா? முந்திரிக்கொத்தும் அதிரசமுமா டப்பாவுல அடைச்சு ஷிஃப்டுக்கு அனுப்பினா."

அம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார். முந்திரிக்கொத்து கட்டிக் கொடுத்தது உண்மை. அப்பா கேட்டு வாங்கிப் போனதும் உண்மை.

அதன் பிறகு ஊர்க் கல்யாணங்களில் அம்மாவை யாரும் அடுப்படிப் பக்கம் கூப்பிடவில்லை. சொந்தக்காரர் வீடுகளில் யாருக்காவது சுகர் என்று தெரிந்தால், "அவரு பொண்டாட்டி செஞ்ச மாதிரி செஞ்சிராத" என்று அம்மாவைச் சொல்லி எச்சரிப்பார்கள். எனக்கு இருபத்து நான்கில் சுகர் வந்தது. தங்கை மீனாவுக்கு அவளுடைய முதல் பிரசவத்தில் தெரிந்தது. இரண்டுக்கும் அத்தையிடம் பதில் தயாராக இருந்தது. அதே அடுப்பு.

3

டென்மார்க்குக்கு வந்த புதிதில் மொழி வகுப்பில் பாதியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. மருத்துவமனை வரவேற்பில் நெய்வேலித் தமிழை அப்படியே டேனிஷுக்கு மாற்றி, "எனக்குச் சுகர் இருக்கிறது" என்றேன். டேனிஷில் சர்க்கரைக்கும் ஏறக்குறைய 'சுகர்' என்றேதான் சொல்வார்கள். அந்தப் பெண் முகம் மாறாமல், "நல்லது, அந்த மேசையில் காபி இருக்கிறது" என்றாள். நான் போய்க் காபியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நோயாளி என்று யாருக்கும் தெரியாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நோயைச் சொல்லவேண்டுமானால் 'சர்க்கரை நோய்' என்று முழுதாகச் சொல்லவேண்டும். அதற்கு இங்கே ஒரு பழைய சொல் இருக்கிறது, பிரித்துப் பார்த்தால் நம்முடைய சொல்லேதான்.

ஊசியோடு இங்கே வருடங்கள் ஓடின. மூன்று வருடங்களுக்கு முன் என் பழைய டாக்டர் ஓய்வு பெற, கிர்ஸ்டன் என்ற புது டாக்டர் வந்தார். இங்கே டாக்டரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு இன்றும் அது வராது. ஆரம்பத்தில் 'டாக்டர் கிர்ஸ்டன் மேடம்' என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

அவர் ஒரு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உங்களுக்குச் சின்ன வயதில் வரும் வகை என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் இத்தனை வருடத்தில் உங்கள் உடம்பு சொந்தமாக இன்சுலின் சுரப்பதை நிறுத்தியிருக்கவேண்டும். இன்னும் சுரக்கிறதே?"

ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"குடும்பத்தில் வேறு யாருக்கு இருக்கிறது?"

"எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது" என்றேன்.

"எல்லோரும் உங்களைப் போல ஒல்லியா? எல்லோருக்கும் இருபது, இருபத்தைந்து வயதிலேயே வந்ததா?"

அப்பா, மீனா, அத்தை என்று வரிசையாகச் சொன்னேன். அத்தையின் வைராக்கியத்தையும் அரை மாத்திரையையும் வேடிக்கையாகத்தான் சொன்னேன். கிர்ஸ்டன் பேனாவைக் கீழே வைத்தார்.

"அரை மாத்திரையா? என்ன மாத்திரை?"

அங்கேயே உட்கார்ந்து மீனாவுக்குப் போன் போட்டு, அத்தை மகனிடம் கேட்கச் சொல்லி, பெயரை எழுத்து எழுத்தாக வாங்கிக்கொடுத்தேன். அதைப் பார்த்ததும் கிர்ஸ்டன் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியாது. மனிதர்களுடைய நோயைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்படலாமா என்று அப்போது கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

நீரிழிவின் மரபணுக்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியில் என்னைச் சேர்த்தார்கள். கையெழுத்துப் போடவே ஒரு மதியம் ஆனது. எதிர்பாராத செய்தி எதுவும் தெரிந்தால் உனக்குச் சொல்லட்டுமா, வேண்டாமா என்று ஒரு கட்டம். உன் மாதிரியை எத்தனை காலம் வைத்திருக்கலாம் என்று இன்னொரு கட்டம். நம் ஊரில் ரத்தம் கொடுத்தால் பஞ்சை வைத்து அழுத்தச் சொல்வதோடு முடிந்துவிடும்.

முடிவு வந்தது. கணையத்துக்கு வேலை சொல்லும் ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. பெற்றவரில் ஒருவருக்கு அது இருந்தால், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இந்த மரபணு உள்ளவர்களுக்கு அத்தை சாப்பிட்ட ரக மாத்திரை, கொஞ்சம் கொடுத்தாலே நன்றாக வேலை செய்யும். பலருக்கு ஊசியே தேவைப்படாது. ஆனால் இதயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "ரிப்போர்ட்டில் நல்ல கொழுப்பு நன்றாகவே இருக்கும். அதைப் பார்த்துப் பல டாக்டர்கள் ஏமாந்துவிடுவார்கள்" என்றார் கிர்ஸ்டன். என் ஊசிக்குப் பதிலாக அந்த ரக மாத்திரையும், கொழுப்புக் குறைக்கும் மாத்திரையும் அன்றே எழுதினார்.

அப்பா இருந்திருந்தால் என்று நினைத்தேன். அப்பா இறந்த காலத்தில் இந்த விஷயம் உலகத்தில் வெகு சிலருக்குத்தான் தெரிந்திருக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது.

"இது அப்பா வழியா, அம்மா வழியா?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்குச் சுகர் இல்லை என்கிறீர்கள், அதனால் அப்பா வழியாகத்தான் இருக்கவேண்டும். அபூர்வமாக, இருந்தும் நோய் வராதவர்களும் உண்டு. நிச்சயமாகத் தெரியவேண்டுமானால் அம்மாவையும் அத்தையையும் பரிசோதிக்க வேண்டும்."

4

என் மகள் நிலாவுக்குப் பத்தொன்பது வயது. கோபன்ஹேகனில் படிக்கிறாள். என்னோடு தமிழில் ஆரம்பித்து இரண்டாவது வாக்கியத்தில் டேனிஷுக்குப் போய்விடுவாள். அவளுக்கும் உடனே சோதனை செய்துவிடலாம் என்று நான் தேதிகூடக் குறித்துவிட்டேன்.

"எனக்கு வேணாம் அப்பா" என்றாள்.

"ஒரு சொட்டு ரத்தம்தானே கண்ணு?"

"ரத்தம் பிரச்சினை இல்ல. தெரிஞ்சா தெரியாம ஆக்க முடியாது. என் உடம்பு. நான்தான் சொல்லணும்."

கிர்ஸ்டனிடம் போய், நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் மகள் பக்கம் சேர்ந்துகொண்டார். பதினெட்டு வயது ஆனவளை அப்பா சொல்லிச் சோதிக்க முடியாது, அவளே வந்தால்தான் உண்டு என்றார். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் கத்தினேன். நெய்வேலியில் எங்களுக்கு ஜுரம் என்றால் அப்பா சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். எங்களிடம் யார் கேட்டார்கள்?

சில வாரங்கள் அவள் போனை எடுக்கவில்லை. பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். மரபணு வேண்டாம், வருடா வருடம் சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொள்கிறேன், ஏறினால் மற்றதைப் பேசலாம் என்றாள். நான் யோசித்துப் பார்த்தேன். எனக்குக் கிடைக்காத முன்னெச்சரிக்கை அதிலேயே இருக்கிறது. சரி என்றேன். அந்த மாதமே முதல் பரிசோதனையைச் செய்து, சரியாக இருக்கிறது என்று எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள். கேட்காமலே அனுப்பினாள்.

5

பொங்கலுக்கு நெய்வேலிக்குப் போனேன். ரத்தத்தை இங்கே எடுத்து வந்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். அனுமதி, அதற்கு மேல் ஒரு அனுமதி என்று இரண்டு நாட்டு விதிகளையும் படித்ததும் அந்த யோசனையை விட்டேன். சென்னையிலேயே செய்கிறார்கள். எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று கிர்ஸ்டன் எழுதிக்கொடுத்ததைக் கடலூர் சர்க்கரை டாக்டரிடம் காட்டினேன். இளைஞர். "குடும்பத்தோட வாங்க சார், இந்த மாதிரி ஒரு குடும்பத்த நான் பார்த்ததில்ல" என்றார்.

அம்மா, மீனாவோடு முத்தாண்டிக்குப்பம் போகும் வழியில் ஒரு வீட்டில் இருக்கிறார். மீனா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஊசி போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிட முடியாமல் வகுப்பிலேயே இரண்டு முறை மயங்கி விழுந்தவள். அவளுக்கு ஒரு தயக்கமும் இல்லை. பிரச்சினை அத்தைதான். இப்போது அவரும் நெய்வேலி டவுன்ஷிப்பில் மகனுடைய குவார்ட்டர்ஸில் இருந்தார். அம்மாவும் அவரும் ஒரே ஊரில் இருந்துகொண்டு, கல்யாண மண்டபத்தில் மட்டும் தலையாட்டிக்கொள்பவர்கள்.

"நானும் வர்றேன்" என்றார் அம்மா.

"நீங்க எதுக்கும்மா? நாங்க பேசிக்கிறோம்."

"என் ரத்தமும் வேணும்னு சொன்னேல்ல?"

எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. அபூர்வமாக இருக்கலாம் என்று கிர்ஸ்டன் சொன்னது காதிலேயே இருந்தது. அம்மாவிடம் அதைச் சொன்னேன். "இருந்தா இருந்துட்டுப் போகட்டும் சங்கர். இத்தன வருஷமா இருக்குன்னுதானே சொல்லிட்டிருக்காங்க" என்றார்.

அத்தை கதவைத் திறந்து அம்மாவைப் பார்த்ததும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "வாங்க மதினி" என்று உள்ளே விட்டார். நான் மரபணு, பரம்பரை என்று ஆரம்பித்தேன். அத்தைக்கு அது பிடிக்கவில்லை.

"எங்க குடும்பத்துல சீக்கு இருக்குன்னு எழுதி வாங்க வந்தியாலே? எங்கய்யா எண்பது வயசு வரைக்கும் வயல்ல நின்னாரு."

"சீக்குன்னு இல்ல அத்தை. உங்க அரை மாத்திரையைப் பத்தித்தான் அந்த டாக்டரம்மா ரொம்பக் கேட்டாங்க. எப்படி அவங்களுக்கு மட்டும் அரை மாத்திரையில நிக்குதுன்னு."

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் வாயக் கட்டினத வெளிநாட்டு டாக்டரு கேக்காகளா?"

"ஆமா."

"எடுத்துக்கிடச் சொல்லு."

மறுநாள் காலையில் ரத்தம் எடுக்க மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு லேப் பெண் அத்தை வீட்டுக்கே வந்தாள். பெயர் கவிதா. அத்தையின் கையைத் தட்டி நரம்பு தேடினாள்.

"கைய மடக்காம நீட்டிகினு இருங்க ஆயா."

"யாருக்கு யாரு ஆயா?" என்றார் அத்தை.

"சரிங்க அக்கா. அப்படியே வச்சிகினு இருங்க, இதோ ஆயிடுச்சுங்க."

அடுத்து அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, யாரும் கூப்பிடும் முன்பே கையை நீட்டினார். அத்தை அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

6

நான் திரும்பி வந்து பனி விலகத் தொடங்கிய சமயத்தில் மீனா போனில் கூப்பிட்டாள். "அண்ணா, எனக்கு இருக்கு. அத்தைக்கு இருக்கு. அம்மாவுக்கு இல்ல." மூன்றாவதை இரண்டு முறை சொன்னாள். பட்டறையில் இறக்கைக்கு அடியில் நின்றுகொண்டிருந்த நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஹென்ரிக் ஓடி வந்து, சர்க்கரை இறங்கிவிட்டதா என்று கேட்டு ஒரு ஜூஸ் டப்பாவைக் கையில் திணித்தான்.

மீனாவுக்கு மாத்திரை மாற்றியதில் பகல் ஊசிகள் எல்லாம் நின்றன. ராத்திரி ஒன்று மட்டும் கொஞ்சமாகத் தொடர்கிறது. வகுப்பில் அதன் பிறகு அவள் விழவில்லை.

அத்தைக்குத்தான் அடி பலமாக விழுந்தது. என்னைப் போனில் பிடித்தார். "அப்போ எனக்கு அரை மாத்திரையில நின்னது என் வைராக்கியம் இல்லையாலே? அந்தக் கோளாறா?"

"ரெண்டும்தான் அத்தை. நீங்க வாயைக் கட்டினதும் நல்லதுதான்."

"சமாதானம் சொல்லாத. பாயசத்த மோந்துகூடப் பாக்காம இருந்திருக்கேன்." போனை வைத்துவிட்டார்.

ஆனால் கடலூர் டாக்டர் அவரை விடவில்லை. இந்த மரபணு என்றால் இதயத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டதில், மாடிப்படி ஏறினால் தாடையும் தோளும் வலிப்பதாக அத்தை சொன்னார். வாயு என்று பூண்டு தின்றுகொண்டிருந்திருக்கிறார். கொழுப்பு ரிப்போர்ட் எப்போதும் நன்றாக இருந்ததால் யாரும் அதற்கு மேல் பார்த்ததில்லை. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இரண்டு இடத்தில் அடைப்பு, ஒன்று மோசமாக இருந்தது. அங்கேயே ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அண்ணன் போன வழியில்தான் போயிருப்பார் என்று டாக்டர் மீனாவிடம் சொன்னாராம்.

அத்தை மகனுக்கு ஷிஃப்ட், மருமகளுக்குக் கைக்குழந்தை. கூட இருக்க ஆள் வேண்டும் என்றதும் அம்மா ஒரு பையில் இரண்டு சேலையைப் போட்டுக்கொண்டு புதுச்சேரிக்குப் பஸ் ஏறிவிட்டார். வேண்டாம் என்று மீனா சொல்லியிருக்கிறாள். அம்மா கேட்கவில்லை.

அம்மா வீடு திரும்பியதும் போனில் கேட்டேன். "அத்தை ஏதாவது சொன்னாங்களாம்மா?"

"சொன்னா."

"என்ன சொன்னாங்க?"

"'மதினி, அண்ணன் சாவுக்கு ஒங்க சமையல்தான் காரணம்னு ஊரு பூரா சொல்லிட்டேன், தப்பாப் போச்சு'ன்னு அழுதா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கண்ணத் தொடைச்சு விட்டேன். நெஞ்சுல வச்சிருக்கு பாரு, அழக்கூடாதுல்ல." என்றார். "அப்புறம், 'ஊரு பூராதான சொன்ன பார்வதி, அதே மாதிரி ஊரு பூரா மாத்திச் சொல்லு'ன்னேன்."

அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

7

பார்வதி அத்தை எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. உடம்பு தேறியதும் போனை எடுத்து உட்கார்ந்துவிட்டார். சங்கரன்கோவில், ராஜபாளையம், தூத்துக்குடி என்று எங்கெல்லாம் சொந்தம் இருக்கிறதோ அங்கெல்லாம் பேசினார். மரபணுவைப் பற்றிக் கடலூர் டாக்டர் சொன்னதையும் தன் பாணியில் சேர்த்துக்கொண்டார். அப்பா வழியில் இத்தனை பேர் சின்ன வயதிலேயே ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இதுவரை மூன்று குடும்பங்கள் சோதனைக்குப் போயிருக்கின்றன. அதில் இரண்டில் அதே எழுத்து மாற்றம். கிர்ஸ்டனிடம் சொன்னேன். ஒரு ஆராய்ச்சிக் குழுவை ஊருக்கு அனுப்பினால்கூட இத்தனை வேகமாக நடந்திருக்காது என்றார். அத்தையின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டுக் கற்றுக்கொண்டார்.

கேக் வெட்டிய அன்று, தட்டைக் கையில் வைத்திருக்கும்போதே தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. வயதான ஆண் குரல். பின்னால் பஸ் ஸ்டாண்ட் சத்தம்.

"தம்பி, சங்கர்தான? நான் சங்கரன்கோயில்லேர்ந்து பேசுதேன். ஒங்கப்பாவுக்குச் சித்தப்பா மகன் முறை வேணும். ஒனக்குத் தெரியாது. பார்வதி நம்பர் குடுத்தா."

"சொல்லுங்க சித்தப்பா."

"ஒங்கம்மா சமையல்ல ஒரு குத்தமும் இல்ல தம்பி. யாரு பேசினாலும் மொதல்ல அதச் சொல்லிட்டுத்தான் மத்தத பேசணும்னு பார்வதி கண்டிசனாச் சொல்லிட்டா. சொல்லிட்டேன். இப்ப விசயத்துக்கு வாரேன். எம் பேரனுக்கு இருவத்திரெண்டு வயசு..."